எல்லா நடுக்கமும் யுத்தம் தந்ததல்ல



எங்கள் ஊர்களில் ஒருவருக்கு என்ன வருத்தம் வந்தாலும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கின்றது. "ஷெல் அடிச்ச காலத்திலயிருந்து அவருக்குக் கை நடுக்கம்." "பிள்ளை துலைஞ்ச நாளிலயிருந்து அம்மா இப்படித்தான், முகத்தில ஒரு சிரிப்பும் இல்லை." "முகாமால வந்தபிறகு இரவில கத்துறார், காலால அடிக்கிறார்." வீடுகளுக்குப் போகும்போது இந்த வசனங்களை நான் அடிக்கடி கேட்கிறேன். இவற்றில் உண்மையும் இருக்கின்றது. நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் எல்லாவற்றையும் யுத்தத்தின் கணக்கிலேயே எழுதிவிடுவதால், மருந்து உள்ள ஒரு நோய் வருடக்கணக்காகக் கண்டுபிடிக்கப்படாமல் போய்விடுகின்றது. அந்த நோயைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன். அதன் பெயர் பார்க்கின்சன் நோய். எங்கள் நாட்டு வைத்தியர்கள் இதனை நடுக்குவாதம் என்பார்கள்.

இது என்ன நோய்?

1817ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர், நடுக்கமும் தளர்ந்த நடையும் உள்ள ஆறு பேரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவருடைய பெயரே பின்னர் நோய்க்கும் வந்தது. அவர் பிறந்த ஏப்ரல் 11ஆம் திகதியே உலக பார்க்கின்சன் தினமாக நினைவுகூரப்படுகின்றது.

எங்கள் மூளையின் நடுப்பகுதியில் கறுப்பு நிறமான ஒரு சிறிய இடம் உண்டு. அங்குள்ள கலங்கள் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கின்றன. நாம் நினைத்தவுடன் கை கால்கள் இலகுவாக அசைவதற்கு அது வேண்டும். அந்தக் கலங்கள் சிறிது சிறிதாக இறந்துபோவதே இந்த நோய். இது தொற்றாது. செய்வினையும் அல்ல. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே கூடுதலாக வருகின்றது. ஐம்பதுக்குக் குறைந்தவர்களுக்கும் சிலவேளை வருவதுண்டு. 2019ஆம் ஆண்டில் உலகில் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்றும், 25 வருடங்களில் இத்தொகை இரு மடங்காகியுள்ளது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

எப்படி அறிந்துகொள்வது?

கை மடியில் சும்மா இருக்கும்போது நடுங்கும். விரல்களுக்கிடையில் குளிசை ஒன்றை உருட்டுவது போலத் தெரியும். பொருளொன்றை எடுக்கப் போனால் நடுக்கம் குறையும். பெரும்பாலும் ஒரு பக்கத்திலேதான் தொடங்கும். ஆனால் சிலருக்கு நடுக்கமே இராது. எல்லா வேலையும் மெதுவாகிவிடும், உடல் விறைக்கும், நடக்கும்போது ஒரு கை வீசாது. குரல் தாழும். எழுத்து வரவரச் சிறுத்துப்போகும். வங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பப்படுபவர்களும் உண்டு.

நடுக்கத்துக்குப் பல வருடங்களுக்கு முன்னரே வரக்கூடிய அறிகுறிகள் மூன்று: மணம் தெரியாமல் போதல், நாட்பட்ட மலச்சிக்கல், நித்திரையில் கனவுக்கேற்பக் கத்துதல், உதைத்தல். இந்த மூன்றாவதைத்தான் நாங்கள் "யுத்தக் கனவு" என்று விட்டுவிடுகிறோம். யுத்தத்தின் பாதிப்பாலும் அப்படி வரலாம். எது என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர்.

வன்னியில் நான் சென்ற ஒரு வீட்டில் ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் இருந்தார். மகன் 2009இல் காணாமல் போனவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவுகளின் போராட்டம் தொடங்கியபோது, மகனின் படத்துடன் வெயிலில் நின்றவர்களில் அவரும் ஒருவர். பின்னர் மெல்ல மெல்லப் போகாமல் விட்டார். "அம்மா மனம் விட்டுட்டா மிஸ், இனி அவவை ஒண்டும் கேக்காதேங்கோ" என்று மகள் சொன்னார். அம்மாவின் முகத்தில் அசைவே இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க அவருக்கு வெகுநேரம் சென்றது. அவரிடம் தனியாகக் கேட்டேன். "போக விருப்பம்தான் பிள்ளை. வாசற்படியில கால் ஒட்டிப்போகுது. சட்டைக்குப் பின் குத்த ஏலாது. ஆருக்குச் சொல்லுறது?" என்றார்.

அவரை வைத்தியசாலைக்கு அனுப்பி, அங்கிருந்து நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் பெற்று, நோய் இன்னதென்று தெரியவரச் சில மாதங்கள் சென்றன. குளிசை தொடங்கியபின் தானே உடுத்துக்கொள்கிறார், கோயிலுக்கு நடக்கிறார், இயன்ற நாட்களில் மற்ற அம்மாக்களுடன் போய் இருக்கிறார். மகனைப் பற்றிய துயரம் அப்படியேதான் இருக்கின்றது. அதற்குக் குளிசை இல்லை. ஆனால் கால் ஒட்டிப்போனது துயரத்தால் அல்ல என்பதை அந்தக் குடும்பம் இப்போது அறியும்.

இன்னொரு விடயம். சில மருந்துகளாலும் இதே போன்ற நடுக்கமும் விறைப்பும் வரும். ஹலோபெரிடோல் போன்ற சில மனநோய் மருந்துகள் அவ்வாறானவை. யுத்தத்துக்குப் பின்னர் மனநல கிளினிக்குகளில் மருந்து எடுப்பவர்கள் எங்களிடையே பலர். அவர்களுக்கு மெதுவான நடையோ நடுக்கமோ தொடங்கினால் உடனே அந்த வைத்தியரிடமே சொல்லுங்கள். அளவைக் குறைத்தால் அல்லது மருந்தை மாற்றினால் பலருக்கு மாதக்கணக்கில் குணமாகிவிடும். ஆனால் நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்தைக் கொண்டுவரும்.

மருந்து என்ன செய்யும்?

நோயை முற்றாக மாற்றும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் 1960களின் இறுதியிலிருந்து பயன்படும் லெவோடோபா என்ற மருந்து, மூளைக்குள் சென்று டோபமினாக மாறி, நடமாட்டத்தைத் திருப்பித் தருகின்றது. இன்றும் இதுவே முதன்மையான மருந்து. காபிடோபாவுடன் சேர்த்துக் குளிசையாகக் கொடுக்கப்படுகின்றது.

எங்கள் பற்றைகளில் வளரும் பூனைக்காலி விதையிலும் இதே லெவோடோபா இருக்கின்றது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். அதற்காக விதையை இடித்துக் குடிக்க வேண்டாம். ஒவ்வொரு விதையிலும் அளவு வேறுபடும். குளிசையோடு சேர்ந்தால் மருந்து கூடிப்போகும். நாட்டு மருந்து எடுப்பவர்கள் அதைக் கிளினிக் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் மருந்து கொடுக்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

1. சொன்ன நேரத்தில், தவறாமல் கொடுங்கள். அரை மணித்தியாலம் பிந்தினாலும் சிலருக்கு உடல் இறுகிவிடும்.

2. இயலுமானால் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். மீன், இறைச்சி, பருப்பு, பால் ஆகியவற்றிலுள்ள புரதம் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். வயிற்றைப் புரட்டினால் ஒரு பிஸ்கட்டுடன் கொடுக்கலாம். புரதத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

3. குளிசையைத் திடீரென நிறுத்தக்கூடாது. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கடைசிக் குளிசை முடியும்வரை காத்திராமல் ஒரு கிழமைக்கு முன்னரே விசாரியுங்கள்.

4. வாந்திக்கு மருந்து எடுக்கும்போது "இவருக்குப் பார்க்கின்சன்" என்று கட்டாயம் சொல்லுங்கள். வழமையாகக் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின் ஆகியவை இந்நோயைக் கூட்டும்.

5. இல்லாத ஆட்கள் நிற்பதாக நோயாளி சொல்லக்கூடும். செத்த பிள்ளை முற்றத்தில் நிற்கிறான் என்றும் சொல்லலாம். பேயுமல்ல, பைத்தியமுமல்ல. நோயாலும் வரும், மருந்தின் அளவாலும் வரும். வைத்தியரிடம் சொன்னால் மருந்தைச் சீர்செய்வார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஸ்கொட்லாந்தில் ஜோய் மில்ன் என்றொரு தாதி. தன் கணவரின் உடல் மணம் மாறியிருப்பதை அவர் கவனித்தார். கணவருக்குப் பார்க்கின்சன் என்று தெரியவந்தது அதற்குப் பத்து வருடங்களுக்கும் மேலாகச் சென்ற பின்னரே. பின்பு நோயாளிகளின் கூட்டமொன்றில் அதே மணத்தை உணர்ந்து, எடின்பரோ பல்கலைக்கழக விஞ்ஞானியிடம் சொன்னார். பன்னிரண்டு பேர் அணிந்த சட்டைகளை மணக்கக் கொடுத்துச் சோதித்தார்கள். ஆறு பேர் நோயாளிகள், ஆறு பேர் நோயில்லாதவர்கள். அவர் ஏழு பேரைக் காட்டினார். ஒன்று பிழை என்று எண்ணினார்கள். எட்டு மாதங்களில் அந்த ஏழாமவருக்கும் நோய் இருப்பது தெரியவந்தது! தோலின் எண்ணெய்ப் பசையில் உள்ள அந்த மாற்றங்களை மன்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். பராமரிக்கும் பெண் கண்டதும் உணர்ந்ததும் விஞ்ஞானத்துக்குப் புதுவழி காட்டியிருக்கின்றது. ஆகவே நீங்கள் கவனிப்பவற்றைக் கொப்பியில் எழுதி வைத்து, கிளினிக்கில் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

புதிய மருந்துகளைப் பற்றிய செய்திகளை நிதானமாகக் கேட்க வேண்டும். நீரிழிவுக்கான ஒருவகை ஊசி மருந்தைப் பிரான்சில் 156 பேரிடம் சோதித்ததில், ஒரு வருடத்தில் நோய் கூடாமல் நின்றது போலத் தெரிந்ததாக 2024இல் செய்தி வந்தது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தை 194 பேருக்கு ஏறத்தாழ இரண்டு வருடங்கள் கொடுத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வு, எந்தப் பலனும் இல்லை என்று 2025இல் அறிவித்தது. டோபமின் சுரக்கும் கலங்களை வளர்த்து மூளையில் வைக்கும் சிகிச்சை பற்றி ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் செய்த இரு ஆய்வுகள் 2025 ஏப்ரலில் வெளிவந்தன. ஒன்றில் ஏழு பேர், மற்றதில் பன்னிரண்டு பேர் மட்டுமே. நம்பிக்கை தருகின்ற தொடக்கம்தான். ஆனால் இதைச் சொல்லி "முற்றாக மாற்றுகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

காசு செலவில்லாத ஒன்று உறுதியாகப் பலன் தருகின்றது. அது உடற்பயிற்சி. தாய்ச்சி என்ற மெதுவான சீனப் பயிற்சியைக் கிழமைக்கு இருமுறை செய்தவர்கள் விழுவது குறைந்ததாக, அமெரிக்காவில் 195 பேரிடம் செய்து 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கால் ஒட்டிப்போகும்போது கைதட்டித் தாளம் போட்டால், அல்லது தரையில் சுண்ணாம்பால் குறுக்குக் கோடு போட்டு அதைத் தாண்டச் சொன்னால், பலருக்குக் கால் எழும்பும். எங்கள் கும்மியும் கோலாட்டமும் தாளத்துக்கு அடிவைப்பவைதானே!

வயல் வேலை செய்யும் குடும்பங்களுக்கு ஒரு சொல். பரகுவாட் என்ற களைநாசினியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் சுமார் இரண்டரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டதாக 2011இல் அமெரிக்க ஆய்வொன்று கூறியது. நஞ்சருந்தி உயிரிழப்பவர்களைக் குறைப்பதற்காக இலங்கை 2008க்கும் 2011க்கும் இடையில் அதைத் தடைசெய்துவிட்டது. என்றாலும் எந்த மருந்தை அடித்தாலும் கையுறை, முகமூடி வேண்டும். மருந்தடித்த உடுப்பைக் கழுவுபவர்கள் பெண்களே என்பதால் நீங்களும் கையுறை போடுங்கள். மருந்துப் போத்தலில் தண்ணீர் வைக்காதீர்கள்.

ஒருத்தியின் தலையில் மட்டும் போடலாமா?

இந்த நோய் வருடக்கணக்கில் நீடிப்பது. குளிக்க வார்ப்பது, உடுத்துவது, இரவில் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் வீட்டில் ஒரு பெண்ணின் மேலேயே விழுகின்றன. அவளே கூலிக்கும் போகிறாள், பிள்ளைகளையும் பார்க்கிறாள். அவள் சரிந்தால் வீடு சரியும்.

நெதர்லாந்தில் 2004இல் தொடங்கிய ஒரு வலையமைப்பு, இந்நோயை நன்கு அறிந்த பயிற்சியாளர்களையும் வைத்தியர்களையும் நோயாளியின் ஊருக்கு அண்மையிலேயே இணைத்தது. அத்தகைய பராமரிப்பில் இடுப்பெலும்பு முறிவுகள் குறைந்தன. எங்களிடம் அவ்வளவு வசதி இல்லை. ஆனால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் முதியோர் சங்கமும் இருக்கின்றன. அவை செய்யக்கூடியவை:

• கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஒருவர் மாறி ஒருவர் போய் நோயாளியுடன் இருக்கலாம். பராமரிப்பவள் சந்தைக்கோ கோயிலுக்கோ போய்வருவாள், அல்லது நித்திரை கொள்வாள்.

• கிளினிக் நாள் ஒன்றாக இருப்பவர்கள் சேர்ந்து ஒரே ஓட்டோவில் போகலாம்.

• மாலையில் பொதுநோக்கு மண்டபத்தில் பாட்டுப் போட்டு எல்லோரும் நடக்கலாம்.

• மலசலகூடத்தில் பிடித்து எழும்ப ஒரு பைப் பூட்டிக் கொடுக்கலாம்.

• உதவிக் கொடுப்பனவு பெறும் தகுதி உண்டா என்று கிராம அலுவலரிடமும், பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கூடப்போய்க் கேட்கலாம்.

சகோதரிகளே, அரச வைத்தியசாலையில் இந்நோயைப் பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. அருகிலுள்ள வைத்தியசாலையில் முதலில் காட்டி, நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். உங்கள் ஒழுங்கையில் மெதுவாக நடக்கும் ஒருவர், சிரிக்க மறந்த ஒருவர், வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட ஒருவர் இருப்பார். "அவ யுத்தத்தோட இப்படி ஆனவ" என்று கடந்துபோகாமல், "கை கால் எப்படி இருக்குது?" என்று ஒருமுறை கேளுங்கள். தாமதமானாலும் கேட்பது நல்லது.

அடுத்த இதழில் சந்திப்போம்.