திட்டுனா தப்பா பாஸ்?

விளையாட்டு வீரர் மைக் முன்னாடி கெட்ட வார்த்தை பேசினா தண்டிக்கலாமா? கேன்டீன்ல கேட்டுப் பாருங்க, ரெண்டு கோஷ்டி கிளம்பும்.

2024 செப்டம்பர், சிங்கப்பூர். ஃபார்முலா ஒன் சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டப்பன் பிரஸ் மீட்டில், தன் கார் சரியில்லைங்கிறதை ஒரு கெட்ட வார்த்தை போட்டுச் சொன்னார். திட்டு வாங்கினது கார்தான். ஆனாலும், பொதுச்சேவை செய்யணும்னு உத்தரவு போட்டது கார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு. மனுஷன் கடுப்பாகிட்டார். அடுத்த பிரஸ் மீட்டில் ஓரிரு வார்த்தையில் பதில் சொல்லிட்டு எழுந்து போய், வெளியே நிருபர்களைத் தனியா சந்திச்சார்!

2025 பிப்ரவரி, ஸ்வீடன் ராலி. 'நேத்து நாங்க சொதப்பிட்டோம்' என்பதை இங்கிலீஷ் கெட்ட வார்த்தையில் டி.வி.க்குச் சொன்னார் டிரைவர் அட்ரியன் ஃபோர்மோ. அபராதம் 10,000 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 9 லட்ச ரூபாய். தன்னைத்தானே திட்டிக்க இவ்வளவு செலவா?

'சின்னப் பசங்க பார்க்கிறாங்களே' என்பீங்க. நியாயம்தான். ஆனா, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத ஆள்கிட்ட மைக்கை நீட்டுறது யாரு? அந்தக் கோபமும் கண்ணீரும்தானே டி.வி.க்குத் தீனி! கோபத்தைக் காசாக்கிட்டு, வார்த்தைக்கு மட்டும் பில் போட்டா எப்படி?

அதுக்காக எல்லாரையும் விட்டுடலாமா? கூடாது. 2009 யு.எஸ். ஓப்பன் அரையிறுதி ஞாபகம் இருக்கா? சர்வீஸ் போடும்போது கோட்டை மிதிச்சதாகச் சொன்ன லைன் ஜட்ஜை, கெட்ட வார்த்தைகளோடு மிரட்டினார் செரீனா வில்லியம்ஸ். அதற்குத் தண்டனையா ஒரு பாயின்ட் போச்சு. அதோடு மேட்ச்சே முடிஞ்சுது. பிறகு 82,500 டாலர் அபராதம் வேற. அது சரியான தண்டனை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாது. அவர் வேலை அப்படி.

எஃப்.ஐ.ஏ.வும் 2025 மே மாதம் கொஞ்சம் இறங்கி வந்தது. அடிப்படை அபராதத்தை 10,000 யூரோவிலிருந்து 5,000 ஆக்கியது. பந்தயச் சூட்டில் வர்ற வார்த்தை வேற, பிரஸ் மீட்டில் வர்றது வேறன்னு பிரிச்சது. ஆனா, அதிகாரிகளைத் திட்டினா காசு கட்டித் தப்ப முடியாது. பந்தயத்திலேயே தண்டனை உண்டு.

நம்ம கட்சியும் அதான். என்ன வார்த்தைன்னு பார்க்கிறதை விட, அது யார் தலையில விழுதுன்னு பாருங்க. இன்டர் காலேஜ் மேட்ச்சில் டக் அவுட்டானா உங்க பேட்டைத் திட்டிக்கங்க பாஸ், யாரும் கேட்க மாட்டாங்க. ஸ்கோர் எழுதுற ஃபர்ஸ்ட் இயர் பையனைத் திட்டினா, உங்க கேப்டனே உங்களை அடுத்த மேட்ச்சில் வெளியே உட்கார வைக்கணும். எவ்வளவு பெரிய பேட்ஸ்மேனா இருந்தாலும் சரி!