செக்ரோல் பக்கம் லயத்துக்கு வரவேண்டுமானால்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டப் பதிவேடுகளை எண்ணிமப்படுத்துவது பற்றிப் பேச்செடுத்தால், நம்மவர்கள் முதலில் ஸ்கேனரைத்தான் கேட்கிறார்கள். படங்களை வாசகரிடம் சேர்க்கும் வழங்கியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் தோட்டத் தொழிலாளரின் பெயரும் சம்பளமும் பதியும் செக்ரோலின் ஒரு பக்கம், அவர்கள் குடியிருக்கும் லயத்தில் கைப்பேசியில் திறக்குமா, திறக்காதா என்பது அந்த வழங்கியின் அமைப்புக் கோப்பில்தான் முடிவாகிறது.

மலையகத்துக்கு இது வெறும் வசதி பற்றிய விடயம் அல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் வழி முன்னோர் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரிடம் அந்தக் காகிதம் இருக்கவில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். நாம் வெளியிடும் பக்கம், முன்னோரின் தடத்தைத் தேடும் அவர்களுக்கும் உரியது.

A3 அளவுப் பக்கம் ஒன்றை 400 டிபிஐயில் எடுத்தால், சுருக்காத டிஃப் கோப்பு ஏறத்தாழ 93 மெகாபைட் வரும். அதை முழுசாக யாருக்கும் அனுப்ப முடியாது. பார்ப்பவர் பெரிதாக்கும் பகுதியை மட்டும் சிறு சதுரங்களாக வெட்டித் தருவதே பட வழங்கியின் வேலை. இல்லினோய் பல்கலைக்கழக நூலகத்தில் உருவான கான்டலூப் அதைச் செய்கிறது. அதன் 4 ஆம் வரிசையை டொம்காட் என்ற ஜாவா வழங்கிக்குள் வைக்கலாம். 5 ஆம் வரிசை தனியாகவே ஓடும்.

ஐலண்டோரா 7 போன்ற எண்ணிம நூலக மென்பொருள் அடுக்குகளில் ஃபெடோரா களஞ்சியம், சோலர் தேடல், பட வழங்கி எல்லாவற்றையும் ஒரே டொம்காட்டில் குவிப்பது வழக்கம். நான் இதை ஏற்கவில்லை. சதுரங்களாகப் பிரித்துச் சேமிக்காத டிஃப் என்றால், ஒரு சிறு துண்டுக்காகவும் முழுப் படத்தை நினைவகத்தில் விரிக்க நேரிடலாம். பார்வைச் செயலியோ ஒரே நேரத்தில் பல துண்டுகளைக் கேட்கும். அப்போது பத்துக் கோரிக்கைக்கு ஒரு கிகாபைட் அளவு போய்விடும். நினைவகம் தீர்ந்தால் பட வழங்கியோடு தேடலும் களஞ்சியமும் சேர்ந்தே விழும். பட வழங்கிக்கு வேறு டொம்காட் கொடுங்கள். நினைவக உச்சவரம்பைத் தனியாக வையுங்கள். 200 என்று இயல்பாக இருக்கும் இழை எண்ணிக்கையைக் குறையுங்கள். அதற்கும் முன்னால், கோப்புகளைப் பல அடுக்குச் சதுர டிஃப்பாக மாற்றிவிடுங்கள். வெட்டிய துண்டுகளைத் தேக்கிவைக்கும் வசதியையும் திறந்துவிட வேண்டும். ஒருமுறை வெட்டியதை மறுபடி வெட்டத் தேவையில்லை.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்தான் நம்மை அதிகம் அலைக்கழிப்பவை. நோர்வூட், போகவந்தலாவை, கொட்டகலை, ஏன், தோட்டம் என்ற சொல்லே கூட ஒகர ஓகாரக் குறி இல்லாமல் வராது. யுனிகோடில் அந்தக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. லினக்ஸுக்கு அவை இரு வேறு கோப்புகள். பழைய மேக் வட்டுகள் பெயரைப் பிரித்தே எழுதின. நம் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்த்து எழுதுகின்றன. ஆகவே கோப்பு வட்டில் இருக்க, வழங்கி "இல்லை" என்கிறது. டொம்காட்டைத் தொடங்கும் சேவையில் மொழிச் சூழல் யூடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டாலும் ஜாவாவால் தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்க முடியாது. கோப்புக்கு எண்ணை அடையாளமாகக் கொடுத்து, தோட்டத்தின் பெயரை மீதரவில் முழுமையாகத் தமிழில் எழுதுவதே என் பரிந்துரை. அடையாளத்துக்குள் சாய்கோடு வந்தால் டொம்காட் பாதுகாப்புக் கருதி மறுக்கும். அதற்காக டொம்காட்டைத் தளர்த்த வேண்டாம். கான்டலூப்பில் மாற்றுக் குறி ஒன்றை அமைத்தால் போதும்.

பட வழங்கிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலை வழங்கி இருந்தால், வெளிமுகவரி பாதுகாப்பான இணைப்பு என்பதை அது பட வழங்கிக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் படத்தின் தகவல் கோப்பில் பாதுகாப்பற்ற முகவரி பதிவாகி, உலாவி துண்டுகளைத் தடுத்துவிடக்கூடும்.

கடைசியாக, செக்ரோலில் உயிரோடிருப்பவர்களின் பெயரும் சம்பளமும் கடனும் இருக்கலாம். கான்டலூப்போடு இணைக்கும் ரூபி ஸ்கிரிப்டில் அனுமதி சரிபார்க்கவும், குறித்த பகுதியைக் கறுப்பால் மூடவும் வழியுண்டு. மூலக் கோப்பு மாறாது. எந்த வரியை மூடுவது என்பதை அந்தத் தோட்டத்து மக்களோடு அமர்ந்து முடிவு செய்த பிறகே தளத்தைத் திறக்க வேண்டும்.