நடிப்பல்ல, நோய்!

ஸ்பின்னிங் இலாகாவில் நிற்கும் பெண், நடவு வயலில் குனிந்திருக்கும் பெண், திடீரென்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். "மாத வலிதானே!" என்கிறார் மேஸ்திரி. "வேலைக்குக் கள்ளம்" என்கிறார் நிலச்சொந்தக்காரர். ஆஸ்பத்திரியிலோ ஒரு ஊசி, "வாயுதான், போய் வா!"

இந்த அலட்சியத்துக்கு ஓர் உறுப்பே பலியாகலாம்!

நூலில் முறுக்கு ஏறுவதுபோல், சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்வது உண்டு. ரத்த ஓட்டம் தடைப்படும். பெரும்பாலும் 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கட்டியே காரணம். கட்டியில்லாத சிறுமிக்கும் வரும், கர்ப்பிணிக்கும் வரும்.

அடையாளம் என்ன? ஒரு பக்க அடிவயிற்றில் திடீர்க் கடும் வலி, குமட்டல், வாந்தி. காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். வலி விட்டுவிட்டும் வரும். விட்டதென்று வேலைக்குத் திரும்பாதீர்கள்! வலப்பக்கமானால் குடல்வால் நோயென்று டாக்டரே ஏமாறக்கூடும்.

கர்ப்பச் சோதனையும் ஸ்கேனும் உடனே வேண்டும். ஸ்கேனில் ரத்தம் ஓடுவதாகத் தெரிந்தாலும் நோய் இல்லையென்று தள்ளிவிட முடியாது. வயிற்றில் சிறு துளையிட்டு நேரில் பார்ப்பதே உறுதியான சோதனை. அப்போதே முறுக்கைப் பிரித்துவிடலாம். கறுத்துப்போன சினைப்பைகூடப் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் மணிக்கணக்கில் தாமதித்தால்?

பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு நள்ளிரவிலும் ஸ்கேன்; உழைக்கும் பெண்ணுக்கு "காலையில் வா"! இது என்ன நியாயம்?

அரசு ஆஸ்பத்திரிகளில் இரவிலும் ஸ்கேன் வேண்டும்! ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குக் கூலி வெட்டக்கூடாது!

ஆண் தோழர்களே! வீட்டில் அவள் துடித்தால் கஷாயம் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். "சினைப்பை முறுக்கமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை!