பிரேக் போடும் இன்ஜின்

விண்வெளிக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒளியை முந்தும் இன்ஜின் தேவைப்படுகிறது. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அதுவே 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போகும் வாயேஜர் 1 விண்கலம் அவ்வளவு தூரம் ஓட 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கதையில் அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? அதனால் ஓர் இன்ஜினைக் கற்பனை செய்கிறார்கள். பல கதைகளில் அதற்குள் ஓடுவது டேக்கியான் என்ற துகள்.

எங்கள் காக்கநாட்டில் இன்ஃபோபார்க் ஐ.டி. வளாகத்தின் பக்கம் மாலைத் தேநீருக்கு ஒதுங்கும் இளைஞர்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரியும், ஆங்கிலத் தொடர்களின் புண்ணியத்தில். அந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் ஒருவர் பக்கத்து மாவட்டத்துக்காரர் என்று சொன்னால் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவரை இவர்களுக்குத் தெரியாதது எனக்கு ஆறுவதே இல்லை.

அந்த இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன், 1931-இல் கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்ற ஊரில் பிறந்தார். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியிலும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டு, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம் வழியாக அமெரிக்காவின் ராச்செஸ்டர் போனார். 1962-இல் பிலானியுக், தேஷ்பாண்டே இருவரோடும் சேர்ந்து, ஒளியை முந்தும் துகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிறையுள்ள எதையும் தள்ளித் தள்ளி ஒளிவேகத்துக்குக் கொண்டுபோக முடியாது, அதற்கு எல்லையற்ற ஆற்றல் வேண்டும் என்கிறது சார்பியல். சரி, பிறக்கும்போதே ஒளியைவிட வேகமாகப் பிறந்த துகள் இருந்தால்? அதைச் சார்பியல் தடுக்கிறதா?

இதற்கு சுதர்சன் இமயமலையைக் காட்டுவார். மலையை ஏறிக் கடக்க யாராலும் முடியாது, ஆகவே வடக்கே மனிதர்களே இல்லை என்று ஒருவர் முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? மத்திய ஆசியாக்காரர்கள் அங்கேயே பிறந்து வாழ்கிறார்கள், இங்கிருந்து ஏறிப் போகவில்லை. அப்படி ஒளியை முந்தியே பிறக்கும் துகளுக்கு டேக்கியான் என்ற பெயரை 1967-இல் ஜெரால்டு ஃபைன்பெர்க் வைத்தார்.

தேடியும் பார்த்தார்கள். தண்ணீருக்குள் ஒளி போகும் வேகத்தை ஒரு மின்னூட்டத் துகள் முந்தினால் நீல ஒளி சிந்தும். அணு உலைக் குளங்களில் தெரியும் செரன்கோவ் ஒளி அதுதான். டேக்கியானுக்கு மின்னூட்டம் இருந்தால் வெற்றிடத்திலேயே அப்படி ஒளிர வேண்டும். 1960-களின் சோதனைகளில் அந்த ஒளி தென்படவில்லை. 2011-இல் ஓபரா ஆய்வுக் குழு, நியூட்ரினோ என்ற துகள்கள் ஒளியைவிட 60 நானோவிநாடி முந்தி வந்ததாக அறிவித்தபோது நானும் இரவெல்லாம் செய்தி படித்தேன். முக்கியக் காரணம் சரியாகச் செருகாத ஒரு கண்ணாடியிழை இணைப்பு என்று பிறகு தெரிந்தது. 2018 மே மாதம் டெக்சாஸில் சுதர்சன் காலமானார். டேக்கியான் இன்றுவரை அகப்படவில்லை. அகப்படாததால் அந்தக் கேள்வியின் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. சுவர் என்று எல்லோரும் திரும்பிய இடத்தில், அவர் நின்று கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கில் ஓர் அற்புதம் இருக்கிறது. டேக்கியான் ஆற்றலை இழக்க இழக்க அதன் வேகம் கூடும். முழுக்க இழந்தால் வேகத்துக்கு எல்லையே இல்லை. ஆற்றல் கொடுத்தால் மெதுவாகும். ஒளிவேகத்துக்கு இறக்கவோ, இங்கும் எல்லையற்ற ஆற்றல் வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்தும் சுவரைத் தாண்ட வழியில்லை.

எங்கள் குடியிருப்பில் பத்தாவது படிக்கும் பையன் பள்ளி மலருக்கு ஒரு கதை எழுதுகிறான். எரிபொருளைக் கொட்டக் கொட்ட அவனுடைய டேக்கியான் கப்பல் பறக்கிறது. "தம்பி, இதைத் தலைகீழாக எழுதிப் பார்" என்றேன். டேக்கியான் கப்பலுக்கு இன்ஜின் தேவைப்படுவது பிரேக் போடத்தான். எரிபொருள் தீர்ந்தால் கப்பல் நிற்காது, ஆற்றலை இழக்க இழக்க இன்னும் வேகமெடுத்து ஓடும்.

"அப்போ அவங்க எங்கேயுமே இறங்க முடியாதா, அங்கிள்?"

நம் உலகத்தில் முடியாது என்றேன். முதல் மூன்று பக்கங்களை அடித்துவிட்டு, அங்கேயே பிறந்த ஒரு மாலுமியை வைத்துத் திரும்ப எழுத ஆரம்பித்திருக்கிறான்.