ஏழு இரவு, ஆறு துறைமுகம், இரண்டு பேர்

பிள்ளைகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகு, 'இனிமேலாவது நாம ரெண்டு பேரும் எங்கேயாவது போய்ட்டு வரலாம்' என்ற பேச்சு பல வீடுகளில் எழும். சில வருடங்களாக அந்தப் பேச்சில் கப்பலும் இடம் பிடித்துவிட்டது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாகப் பிள்ளைகளே கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. ஆசைக்குக் காரணம் இருக்கிறது. ஊருக்கு ஊர் பெட்டி கட்டி அவிழ்க்க வேண்டாம். ஹோட்டல் தேடி அலைய வேண்டாம். ராத்திரி தூங்கி, காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஊர்.

இப்படிப்பட்ட பயணங்களில் அதிகம் பேர் விரும்புவது மேற்கு மத்தியதரைக் கடல் சுற்று. ஸ்பெயினின் பார்சிலோனா, பிரான்ஸின் மார்செய், இத்தாலியின் ஜெனோவா, ரோமுக்கான துறைமுகமான சிவிடாவெக்கியா, நேப்பிள்ஸ், சிசிலித் தீவின் பலெர்மோ. கப்பலுக்குக் கப்பல் வரிசை மாறும், ஓர் ஊர் கூடும், ஓர் ஊர் குறையும். ஏழு இரவில் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுவார்கள்.

விளம்பரத்தில் ஆறு ஊர் என்று படிக்கும்போது மனசு நிறையும். கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். கப்பல் காலை ஏழு, எட்டு மணிக்குக் கரை சேரும். மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். காலை உணவு, இறங்கும் வரிசை, துறைமுகத்திலிருந்து ஊருக்குள் போகும் நேரம், திரும்பி வரும் நேரம் இவற்றையெல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம். ஒரு பெருநகரத்துக்கு அவ்வளவுதான்.

தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் தொடங்குவதும் இந்த ஐந்தாறு மணி நேரத்தில்தான். ஒருவர் பட்டியலோடு இறங்குவார். 'இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு இதையும் பார்க்காம போறதா?' என்று முன்னால் நடப்பார். மற்றவர் பின்னாலேயே போவார். முழங்கால் வலிப்பதைச் சொல்ல மாட்டார். சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ஆசை கெட்டுவிடுமே என்ற தயக்கம். மூன்றாவது ஊரில் அது எரிச்சலாக வெளியே வரும். முப்பது வருடம் காத்திருந்து வந்த பயணத்தில், கேபினுக்குள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுக்கும் இரவும் அமைந்துவிடும்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஓர் ஊருக்கு ஒரே ஒரு இடம். ஆறு ஊர் என்றால் மூன்று அவர் விருப்பம், மூன்று இவர் விருப்பம். கப்பல் ஏறும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட வேண்டும். மீதி நேரம் நடக்க, உட்கார, சாப்பிட.

எந்த ஊரில் எது?

பார்சிலோனாவில் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது சக்ராதா ஃபமீலியா தேவாலயம். 1882-ல் கட்டத் தொடங்கி, மறு வருடமே அந்தோனி கௌடி என்ற கட்டடக் கலைஞரின் கைக்கு வந்தது. 1926-ல் டிராம் மோதி அவர் இறக்கும்வரை அதுவே அவருடைய உயிர்மூச்சு. அவருடைய சமாதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. உள்ளே தூண்கள் மரங்களைப் போலக் கிளை விட்டு நிற்கும். காலையில் போனால் கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் வழியே நீலமும் பச்சையுமாக ஒளி விழும். மாலையில் மேற்குப் பக்கம் ஆரஞ்சும் சிவப்பும். டிக்கெட் நேரம் குறித்துத்தான் தருகிறார்கள். ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. பயணம் இங்கே தொடங்குகிறது என்றால் ஒரு நாள் முன்னதாகவே விமானத்தில் வந்து இறங்குவது புத்திசாலித்தனம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

மார்செய் சுமார் 2,600 வருடப் பழைமை கொண்ட துறைமுகம். கிரேக்க மாலுமிகள் உருவாக்கிய ஊர். பயணிகள் கப்பல் நிற்கும் இடம் ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்துத்தான் பழைய துறைமுகத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து 60-ம் எண் பஸ், குன்றின் மேல் இருக்கும் நோத்ர தாம் த லா கார்ட் தேவாலயத்துக்கு ஏறுகிறது. படியேற முடியாதவருக்கு அது பெரிய உதவி. உள்ளே அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்கும். கடலில் ஆபத்திலிருந்து தப்பியதற்கு நன்றியாக மாலுமிகளும் அவர்கள் குடும்பத்தாரும் நேர்ந்துகொண்டு செலுத்திய காணிக்கைகள் அவை. நம் ஊர்க் கோயில்களில் தொட்டில் கட்டிப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

ஜெனோவாவில் கப்பலிலிருந்து நடந்தே ஊருக்குள் போய்விடலாம். இரண்டு பேர் சேர்ந்து நடப்பதே சிரமம் என்னும் அளவுக்குக் குறுகிய சந்துகள், திடீரென்று பணக்கார வணிகர்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கும் கரிபால்டி வீதியில் கொண்டுவிடும். அந்த மாளிகைகள் 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்தன. அங்கிருந்து சற்றுத் தள்ளி, காஸ்தெலெத்தோ மேட்டுக்குப் போகும் பொது லிஃப்ட் இருக்கிறது. மேலே ஏறி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் ஓட்டுக் கூரைகளும் துறைமுகமும் கண்ணுக்குக் கீழே.

சிவிடாவெக்கியாவில்தான் அதிகம் பேர் அவதிப்படுகிறார்கள். ரோம் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். கொலோசியம், வாத்திகன், திரேவி நீரூற்று மூன்றையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால், மூன்று இடத்திலும் நின்று போட்டோ எடுத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். வாத்திகன் போதும் என்று முடிவு செய்பவர்கள், பிராந்திய ரயிலில் ரோமா சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினால் புனித பேதுரு பேராலயத்துக்கு நடந்தே போகலாம். அதற்குள் நுழையக் கட்டணம் கிடையாது. பாதுகாப்புச் சோதனை வரிசைதான் நீளம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவை, சுடிதாருக்குப் பிரச்னை இல்லை. வெயிலுக்காக அரைக்கால் சட்டை போட்டு வரும் கணவர்கள்தான் வாசலில் திகைத்து நிற்பார்கள். குவிமாடத்தின் உச்சிக்கு 551 படிகள். லிஃப்டில் போனாலும் அதற்கு மேல் 320 படிகள் ஏற வேண்டும். ஏறுபவர் ஏறட்டும். மற்றவர் கீழே நிழலில் உட்கார்ந்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

நேப்பிள்ஸில் ஜோடிகள் பிரிந்தும் போகலாம். 79-ம் வருடம் வெசுவியஸ் எரிமலை புதைத்த பாம்பெய் நகரம் அங்கிருந்து ரயில் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே மேடுபள்ளமான கல் பாவிய தெருக்கள், நிழலோ குறைவு. மூன்று மணி நேரம் நடக்கத் தெம்பு இல்லாதவர், துறைமுகத்துக்கு எதிரே முனிசிபியோ நிலையத்தில் மெட்ரோ ஏறி மியூசியோ நிலையத்தில் இறங்கினால் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பாம்பெய் வீடுகளின் சிறந்த மொசைக் ஓவியங்கள் இங்கேதான் இருக்கின்றன. இந்தியாவில் செதுக்கப்பட்ட ஒரு சிறிய தந்தப் பெண் சிலையும் இந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1938-ல் பாம்பெயில் தோண்டி எடுத்தபோது லட்சுமி என்றார்கள். யட்சியாக இருக்கலாம் என்ற கருத்து பிறகு வந்தது. முசிறியிலிருந்து மிளகு ஏற்றிய கப்பல்கள் ரோமாபுரிக்கு வணிகம் செய்த காலத்தில் வந்தவள் அவள்.

பலெர்மோவில் துறைமுகமே ஊரை ஒட்டித்தான். நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் 12-ம் நூற்றாண்டில் கட்டிய அரண்மனைக் கோயிலில், சுவரெங்கும் கிரேக்கக் கைவண்ணத்தில் தங்க மொசைக், மேலே அரபுக் கைவினைஞர்களின் மரக் கூரை. பக்கத்திலேயே பல்லாரோ சந்தை. காய்கறிக் கடைகளின் கூவலைக் கேட்டால் மொழிதான் வேறு, மற்றபடி நம் ஊர்ச் சந்தைதான்.

கொண்டைக்கடலை கைகொடுக்கும்

'சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?' என்பது இந்தப் பயணம் பற்றிப் பேச்சு எடுத்தாலே வரும் முதல் கேள்வி. கப்பலின் பொது உணவுக்கூடத்தில் பழம், ரொட்டி, காய்கறி, பாஸ்தா தாராளமாகக் கிடைக்கும். பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கரையிலும் பயமில்லை. ஜெனோவாவில் கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு கலந்து, அகலமான தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடும் 'ஃபரினாத்தா' உண்டு. மார்செயில் அதே மாவைக் கிளறி, ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரித்தால் 'பானீஸ்'. பலெர்மோவில் மெல்லிய வில்லைகளாகப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தந்தால் 'பனெல்லே'. மூன்று துறைமுகம், ஒரே மாவு. பஜ்ஜி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு மூன்றுமே பிடித்துப் போகும்.

மதியச் சாப்பாடு கப்பலில் இலவசம்தானே என்று அவசரமாகத் திரும்புபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் பக்கத்து நியாயமும் ஒன்று இருக்கிறது. காலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கப்பலிலிருந்து இறங்கி, தெருவை அடைத்துக்கொண்டு நடந்து, சாப்பிடாமல் திரும்பினால் அந்த ஊருக்கு நெரிசல்தான் மிச்சம். வெனிஸ் நகரின் நடுவே செல்லும் கால்வாயில் பெரிய கப்பல்கள் வர 2021 ஆகஸ்ட் முதல் தடை விதித்ததற்கு, கப்பல்களால் நகரத்துக்கும் காயலுக்கும் ஏற்படும் பாதிப்பே காரணம். ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பிடுவது, அந்த ஊருக்குச் செய்யும் மரியாதை.

நேரம் தவறினால்

கப்பல் கிளம்பும் நேரம் வேறு, பயணிகள் ஏறியாக வேண்டிய நேரம் வேறு. பெரும்பாலும் அரை மணி நேரம் முன்னதாகவே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். அன்றன்று கப்பலில் தரும் அறிவிப்பில் அந்த நேரம் இருக்கும். அதை ஒருவர் போனில் படம் பிடித்தால் போதாது. இரண்டு பேர் கையிலும் இருக்க வேண்டும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போய்த் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு நிறுவனமே கொண்டுசேர்க்கும். தனியாகப் போய்த் தாமதமானால், அடுத்த ஊருக்குச் சொந்தச் செலவில் ஓட வேண்டியதுதான்.

அதனால் ரோம், பாம்பெய் போன்ற தூரத்து இடங்களுக்குக் கப்பல் சுற்றுலாவில் போகலாம். ஜெனோவா, பலெர்மோ போன்ற பக்கத்து ஊர்களைத் தாங்களே நடந்து பார்க்கலாம். பணமும் மிச்சம், பதற்றமும் இல்லை. தனியாகப் போகிறவர்கள், ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகம் இருக்கும் ஊருக்கு வந்துவிட வேண்டும்.

கிளம்பும் முன்

இந்த ஆறு ஊருக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். வழியில் துனிசியா போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாடும் இருந்தால், பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் இதம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் உச்சம். கப்பல் ஆட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேட்கலாம். டிக்கெட் விலைக்கு மேல் தினசரி சேவைக் கட்டணம், இன்டர்நெட், சில பானங்களுக்குத் தனிப் பணம் ஆகும் என்பதையும் பிள்ளைகள் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கடலில் போகும்போது போனை ஃப்ளைட் மோடில் வைக்காவிட்டால், கப்பலின் சாட்டிலைட் தொடர்பில் ஒட்டிக்கொண்டு பில் எகிறிவிடும்.

இறங்காத நாளும் உண்டு

ஆறு ஊரில் ஏதாவது ஒன்றில் இறங்காமலே இருந்துவிடுவதும் தப்பில்லை. எல்லோரும் ஊர் பார்க்கப் போன பிறகு மேல்தளம் காலியாகிவிடும். நாற்காலிக்குச் சண்டை இருக்காது. ஒரு கப் காபியோடு கடலைப் பார்த்தபடி உட்காரலாம். நினைத்த நேரத்துக்கு ஒரு குட்டித் தூக்கமும் போடலாம்.

'என்னங்க, இன்னிக்கு நான் வரலை, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க' என்று மனைவி சொன்னால், கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போனவர் சாயங்காலம் திரும்பி வந்து, பார்த்ததைச் சொல்லட்டும். ஒரே வீட்டில் ஒரே செய்தியை முப்பது வருடமாகச் சேர்ந்தே கேட்டவர்களுக்கு, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கப் புதிதாக ஏதோ ஒன்று கிடைத்திருக்கும்.