சோழவரம் மறக்கத் தக்கதோ?

மோட்டார்ப் பந்தயம் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. பாட்டாளிக்கு அதில் என்ன பேச்சு என்று கேட்பார் உளர். கேட்கட்டும்! கோண்டல் மகாராஜாவும் விஜய் மல்லையாவும் சோழவரத்தில் கார் ஓட்டினார்கள், உண்மைதான். ஓட்டியவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. ஓடும்படி செய்தவன் பெயர் எங்கே?

சென்னைக்கு வடக்கே, ஏரிக்குப் பெயர்போன சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. போர் ஓய்ந்தது, விமானம் போயிற்று, தளம் நின்றது. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கிற்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத் தளந்தான். 1950-ல் உலகச் சாம்பியன் பட்டத்திற்கான முதல் பந்தயம் அங்கேதான் நடந்தது. இன்றும் அங்கே பந்தயம் நடக்கிறது.

விமானத்திற்கு நேர்பாதை போதும், வளைவு வேண்டாம். பந்தயத்திற்கோ வளைவுதான் உயிர்! ஆகவே, நீண்ட நேர்பாதையில் முழுவேகம், முனையில் சடாரெனப் பிரேக், கூரிய திருப்பம், மீண்டும் வேகம். இதில் தேய்வது டயர், கொதிப்பது பிரேக், திணறுவது என்ஜின். வெளிநாட்டு உதிரிப் பாகம் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் சிக்கிய காலம் அது. பியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு, கடைந்து, அராவி, பந்தயத்திற்கு ஏற்றவன் பட்டறைத் தொழிலாளி. கோவை கரிவரதன் மாருதி என்ஜினைக் கொண்டு உள்நாட்டிலேயே பந்தயக் கார் கட்டினார் என்றால், அதற்கு அடித்தளம் இந்தக் கைத்திறனே.

திருமுதுகுன்றத்துத் தோழர்களுக்கு இது விளங்கும். என்ஜினுக்குத் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருப்பது சூளையில் சுட்ட பீங்கான்! பல்லாயிரம் வோல்ட்டைத் தாங்குவது அதுதான். அதைப் பற்றி எந்தப் பந்தய வீரன் பேசினான்?

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்திற்கென்றே 3.7 கிலோமீட்டரில், 12 வளைவுகளுடன் தடம் அமைந்தது. சோழவரத்தின் கதை முடிந்தது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளிலேயே இரவில் கார்கள் பறந்தன. அரசும் துணை நின்றது. வரவேற்போம். அந்த அக்கறையில் ஒரு பங்கு சோழவரத்திற்கும் கிடைக்கட்டும். தடத்தின் வரைபடம், பந்தயங்களின் பட்டியல், அவற்றோடு அங்கே ஸ்பானர் பிடித்த மெக்கானிக்குகளின் பெயர்கள், இவற்றை அரசு தொகுத்து நூலாக்க வேண்டும். அந்த மெக்கானிக்குகளில் பலர் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத, இந்த ஆண்டே ஆள் அனுப்புக!