தட்டைப் பாதமா? ஷூ வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க

மத்திய ஆயுதப் படைகளின் கான்ஸ்டபிள் வேலைக்கு டெல்லியிலிருந்து வெளியாகும் எஸ்.எஸ்.சி. அறிவிப்பில் ஒரு நிபந்தனை உண்டு: தட்டைப் பாதம் இருக்கக் கூடாது. ஓட்டத்தில் ஜெயித்தவர்கூட மருத்துவப் பரிசோதனையில் வெளியேறலாம். அப்படியானால் இது நோயா?

எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறக்கும்போது எல்லோருக்கும் பாதம் தட்டைதான். உள்பக்க வளைவு குழந்தைப் பருவத்தில் மெல்ல உருவாகும். சிலருக்கு உருவாவதே இல்லை. ஈரக்காலைத் தரையில் வைத்துப் பாருங்கள். பாதம் முழுசாகப் பதிந்தால், அடுத்து நுனிக்காலில் நில்லுங்கள். அப்போது வளைவு தெரிந்தால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லையென்றால் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. வளைவு தெரியாமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ, வலித்தாலோ, ஒரு கால் மட்டும் புதிதாகத் தட்டையானாலோ எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

ஷூ போட்டால் சரியாகிடுமா?

ஆகாது. ஷூவும் இன்சோலும் வலியைக் குறைக்கலாம், வளைவை உருவாக்காது. 2,300 குழந்தைகளிடம் இந்திய மருத்துவர்கள் நடத்தி 1992-ல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்தவர்களில் 8.6% பேருக்கும், வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8% பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது.

சைஸில் என்ன சிக்கல்?

நாம் வாங்குவது பிரிட்டன், அமெரிக்க, ஐரோப்பிய அளவுகளில். சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் அகலமானவை என்று தெரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'பா' என்ற இந்திய அளவு முறை. அதன் பரிந்துரை டெல்லியில் உள்ள தொழில் மேம்பாட்டுத் துறையிடம் தரப்பட்டது.

அகலம் போதாமல் நாம் என்ன செய்கிறோம்? ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறோம். முன்பக்கம் இடம் கிடைக்கும், குதிகால் வழுக்கும். தட்டைப் பாதத்துக்குத் தேவையான பிடிமானம் அங்கேதான் போகிறது.

கடையில் என்ன பார்க்கணும்?

- மாலையில் போங்க. அப்போது கால் சற்று வீங்கியிருக்கும்.
- நின்றபடி இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்க.
- குதிகால் பகுதியை அழுத்தினால் அமுங்கக் கூடாது.
- ஷூ விரல் பகுதியில் மட்டும் வளையணும். துணி மாதிரி முறுக்க வந்தால் வேண்டாம்.
- 'வைட் ஃபிட்' இருக்கான்னு கேளுங்க. நாலு அடி நடந்து பாருங்க.

"போகப் போகப் பழகிடும்" என்று கடைக்காரர் சொன்னால், அந்த ஜோடியை அங்கேயே வச்சிடுங்க.